பின் சீட்டில் ஓடிய தெரு

கொசு என்பது அவளுக்கு மாமனார் வைத்த பெயர். விடிவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில், "எங்க வீட்டுக்கு மருமகள்னு ஒரு கொசு வந்திருக்கு, ஆனா கடிச்சா வலிக்காது" என்று அவர் தெருவெல்லாம் சொல்லிவைத்தார். அதோடு அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மாமனார் டிரைவிங் வாத்தியார். அந்தத் தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள்தான். "கிளட்ச்சை மிதின்னா மிதிக்கணும், தடவிக் கொடுக்கக் கூடாது!" என்று அவர் காருக்குள்ளிருந்து கத்தினால், தெருமுனையில் நடந்து போகிறவர்கூட ஒரு கணம் காலை அழுத்தி ஊன்றிப் பார்ப்பார். அப்படிப்பட்ட குரல்.

போன வருஷம் பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்தது. வாய் கோணியது. கால் மெல்லத் தேறியது. நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடந்தார். பேச்சும் திரும்பி வந்தது. ஆனால் வார்த்தைகள் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்த மாதிரி வந்தன. டாக்டர் வெளியே நடக்கச் சொன்னார். கொசு கெஞ்சினாள். கப்பலில் வேலை பார்க்கும் மகன் போனில் சண்டை போட்டான். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"குரலை வெச்சுப் பிழைச்சவன் நான். இந்தக் குரலோட எவன் முன்னாடியும் போய் நிக்க மாட்டேன்" என்றார். அதையே இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் கொசுவுக்குப் புரிந்தது. அதற்கப்புறம் அவள் கெஞ்சுவதை நிறுத்திவிட்டாள்.

அவருடைய பழைய கார் அவள் கைக்கு வந்தது. வாத்தியார் உட்காரும் பக்கமும் பிரேக், கிளட்ச் வைத்த கார். அந்தப் பக்கத்துக்கென்று உள்ளே தனியாக ஒரு பின்பார்வைக் கண்ணாடியும் உண்டு. கிழட்டு வண்டிதான், ஆனால் அடம்பிடிக்காது. ஒரு நாள் அதன் உள் விளக்கு எரியவில்லை.

வேறு யாருக்காவது என்றால் அது பெரிய விஷயமில்லை. கொசுவுக்கு அது பிழைப்பு. இருட்டோடு இருட்டாக ரத்தம் எடுத்து, காருக்குள் உட்கார்ந்துதான் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவாள். பின் சீட்டில் தினமும் துவைத்த வெள்ளை விரிப்பு ஒன்றை விரித்து, அதன் மேல்தான் ரத்தப் பெட்டியை வைப்பாள். விளக்கு போனதிலிருந்து செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் ஒட்டினாள். அப்படி ஒட்டியதில் ஒரே வீட்டு மாமியார் குழாயையும் மருமகள் குழாயையும் மாற்றி ஒட்டப் போய், கடைசி நொடியில் கண்டுபிடித்தாள். மாமியாருடைய சர்க்கரை மருமகள் தலையில் விடிந்திருக்கும். அன்று முழுக்க ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

புது பல்பு போட்டாள். எரியவில்லை. ஃபியூஸ் போயிருக்குமோ என்று பார்த்தாள். காரின் கடிகாரத்துக்கும் அதே ஃபியூஸ்தான், கடிகாரமோ ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. கதவுச் சட்டத்தில் ரப்பர் தொப்பி போட்ட சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். கதவைத் திறந்தால் துருத்திக்கொண்டு விளக்கை எரிய வைப்பது அதுதான். நாலு கதவுப் பொத்தான்களையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துரு எடுத்தாள். எரியவில்லை. பிறகு விளக்கிலேயே இருக்கும் ஸ்விட்சை, கதவு திறந்தாலும் மூடினாலும் எரியும் பக்கமாகத் தள்ளினாள். அப்போதும் எரியவில்லை. பொத்தான்களைச் சும்மா சந்தேகப்பட்டுவிட்டோமே என்று தோன்றியது. எலெக்ட்ரீஷியன் வந்து கூரையைத் தட்டிப் பார்த்து, "மேல் துணியை மொத்தமா இறக்கணும்மா. வண்டியை ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க" என்றார். ஒரு நாள் விட்டாலே அவளுக்கு வேலை போய்விடும்.

இந்த நிலைமையில்தான் நாத்தனார் அப்பாவைப் பார்க்க வந்தாள். வேறு ஊரில் அறிவியல் டீச்சர். வீட்டிலும் எல்லாருக்கும் டீச்சர்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்ற காருக்கு வந்துவிட்டாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லுங்க. விளக்கு சுத்தமா எரியலையா, இல்ல மங்கலா எரியுதா? ரெண்டும் வேற வேற நோய். சுத்தமா இல்லைன்னா கம்பி எங்கேயோ அறுந்திருக்கு. மங்கலா இருந்தா இணைப்புல எங்கேயோ துரு."

"நாடி இருக்கா இல்லையான்னு கேக்குற. ஒரு நாள் பல்புக்குள்ள சிவப்பா ஒரு நூல் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. தெருவிளக்கு வெளிச்சத்துல நிச்சயமாச் சொல்ல முடியல."

"இந்த வெயில்ல எப்படித் தெரியும்? இருட்டணும்."

"உனக்குச் சாயங்காலமே பஸ் ஆச்சே?"

"அதுக்கென்ன, இருட்டைப் பண்ணிட்டாப் போச்சு."

மழைக்காலத்தில் காரை மூடுகிற கறுப்புத் தார்ப்பாய் சுவரோரம் ஆணியில் தொங்கியது. இருவரும் அதை இழுத்துப் போட்டார்கள். கார் எப்போதும் மூக்கைத் தெருப்பக்கம் நீட்டியபடிதான் நிற்கும். 'உள்ளே நுழையும்போதே வெளியே வர்றதை யோசி' என்பது வாத்தியாரின் முதல் பாடம். தார்ப்பாய் மூக்கிலிருந்து வால் வரை தரையைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு கொசு ஓட்டுநர் சீட்டிலும், டீச்சர் வாத்தியார் சீட்டிலும் நுழைந்து கதவைச் சாத்தினார்கள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்கிற இருட்டு. உள்ளே ரப்பரும் பழைய எண்ணெயும் வேகும் வாசனை.

"கண்ணு பழகட்டும், கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்றாள் டீச்சர்.

"பேசினா கண்ணு பழகாதா?"

"பேசாம இருந்தா எனக்குப் பழகும்."

சிரித்துக்கொண்டே இருவரும் தலையைத் தூக்கிக் கூரை விளக்கையே பார்த்தார்கள். ஒன்றுமில்லை. சிவப்பு நூலும் இல்லை. கழுத்து வலித்ததில் கொசு தலையைத் திருப்பினாள். பின் சீட்டில், வெள்ளை விரிப்பின் நடுவில், சிவப்பாக ஒரு பட்டை கிடந்தது.

காலையில் எடுத்த குழாய் ஏதாவது உடைந்துவிட்டதா? பெட்டியைத்தான் கொடுத்துவிட்டு வந்தேனே? கையை நீட்டித் தொடப் போனாள். அந்தச் சிவப்பு காற்றில் ஆடுவது போல் ஆடியது. அவள் கை மேலேயும் ஏறி ஆடியது.

"டீச்சர்," என்றாள். "திரும்பிப் பாரு."

விரிப்பு முழுக்க, சீட்டின் முதுகிலிருந்து அடி வரை, தெரு இருந்தது. தலைகீழாக இருந்தது. மேலே சாலை, கீழே வானம். சிவப்புப் பட்டை, எதிர்வீட்டு பேக்கரியின் வெயில் மறைப்பு. பக்கத்து மரம் வேரை மேலே வைத்துக்கொண்டு நின்றது, அதன் இலைகள் ஒவ்வொன்றும் அசைந்தன. ஒரு பெண் ஒரு சாண் உயரத்தில் பச்சைப் பையோடு நடந்து போனாள். கால் மேலே, தலை கீழே, பல்லி கூரையில் ஊர்வது போல ஆனால் எந்தச் சிரமமும் இல்லாமல். ஒரு ஸ்கூட்டர் ஓடியது. அதன் சத்தம் காருக்கு முன்னாலிருந்து கேட்டது, உருவமோ முதுகுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பேக்கரிக் கதவு திறந்தபோது அதன் கண்ணாடியில் பட்ட வெயில் விரிப்பின் மேல் மீன் மாதிரி துள்ளி மறைந்தது.

இருவரும் மூச்சு விடவில்லை. விட்டால் தெரு கலைந்துவிடும் என்கிற பயம்.

"எங்கிருந்து வருது?" என்றாள் கொசு.

டீச்சர் மெல்ல முன்னால் கையைக் காட்டினாள். முன்கண்ணாடிக்கு வெளியே, தார்ப்பாயில், ஒரு பட்டாணி நுழையும் அளவுக்கு ஓட்டை. எந்தக் காலத்திலோ ஆணி குத்தியது. கொசு கண்ணாடியின் மேல் அந்த இடத்தில் விரலை வைத்தாள். தெரு அணைந்தது. எடுத்தாள். மரம், பேக்கரி, வானம் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

"ஒரு விரல்ல இவ்வளவும் அடங்குதே!"

டீச்சர் அழுகிறாள் என்று கொசுவுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என்னாச்சும்மா?"

"வருஷா வருஷம் போர்டுல வரையறேன் அண்ணி. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் தலைகீழா ஒரு மெழுகுவர்த்தி. அம்புக்குறி போடலைன்னா மார்க் குறைப்பேன். ஆனா..." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா அது இப்படி நடந்து போகும்னு எனக்குத் தெரியாது. நான் பார்த்ததே இல்ல. ஒரு தடவைகூட."

பேக்கரிக்காரர் வெள்ளை ஏப்ரனோடு வெளியே வந்து, தலைகீழாகக் கொட்டாவி விட்டார். அதைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை நினைத்தார்கள். கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள்.

வாத்தியார் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, வாங்க! கார்ல... அது வந்து..." டீச்சரால் சொல்ல முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன.

"மாமா, உங்க கார்ல தெரு தலைகீழா ஓடுது!" என்றாள் கொசு.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் அழுகிறாள். மருமகளுக்கு மூச்சு வாங்குகிறது. அவருக்குப் புரிந்தது ஒன்றுதான்.

"வண்டியை என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றார். ஊன்றுகோலைத் தேடினார். எழுந்தார். துண்டை எடுத்து வாயை மறைத்துக் கட்டிக்கொண்டு, வாசற்படியில் ஒரு கணம்கூட நிற்காமல், காருக்கு அடிபட்டதா என்று பார்க்கும் வேகத்தில் வெளியே வந்துவிட்டார். வந்த பிறகுதான் வெயில் கண்ணில் குத்தி, தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. அதற்குள் டீச்சர் தார்ப்பாயைத் தூக்கிவிட்டாள். தெருவில் நிற்பதைவிட அந்த இருட்டு மேல் என்று குனிந்து தன் பழைய சீட்டில் உட்கார்ந்தார். கொசு ஓட்டுநர் சீட்டில். டீச்சர் ஓட்டுநருக்குப் பின்னால், விரிப்பை மறைக்காமல் கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

"திரும்பிப் பாருங்க மாமா."

அவரால் இடுப்பைத் திருப்ப முடியாது. கொசுவுக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவர் திரும்பவே முயலவில்லை. வலது கையை உயர்த்தி, தன் பக்கத்துக் கண்ணாடியை அரை விரல் அளவு அசைத்தார். எத்தனையோ ஆயிரம் தடவை அசைத்த கை. கண்ணாடிக்குள் பின் சீட்டு வந்தது. பின் சீட்டில் தெரு வந்தது.

ஏதாவது சொல்வார் என்று இருவரும் காத்திருந்தார்கள். துண்டு வாயிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

பிறகு அவர் பேசத் தொடங்கினார், யாரிடமும் இல்லாத மாதிரி.

"மருந்துக்கடைப் பையன் போறான். இன்னும் தோளைக் குறுக்கித்தான் நடக்கிறான்... அது யாரு, தபால்காரரா? இளைச்சுட்டாரே... பேக்கரிக்குப் புதுசா சிவப்புத் துணி போட்டிருக்காங்க. எப்பப் போட்டாங்க?"

"நாலஞ்சு மாசம் ஆச்சு மாமா."

"நல்லாருக்கு."

ஒரு வருஷமாகச் சுவரை மட்டும் பார்த்த மனிதர் அவர். ஜன்னல் பக்கம் வந்தால் யாராவது பார்த்து, நின்று, நலம் விசாரித்துவிடுவார்கள். இங்கே தெரு முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் வந்து கிடந்தது, தெருவுக்கு அவர் இருப்பதே தெரியவில்லை. பறவை ஒன்று விரிப்பின் அடிப்பக்கம் இருந்த வானத்தில் நீந்தி, டீச்சரின் முழங்காலில் ஏறிப் போனது. டீச்சர் அதைக் கலைக்காமலிருக்கக் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் இந்தத் தெரு வழியாகத்தானே போய் வருகிறேன், இதைப் பார்க்காமல் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கொசு நினைத்தாள்.

அப்போது விரிப்பின் ஒரு ஓரத்திலிருந்து சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. எதிர் ஓரத்திலிருந்து ஸ்கூட்டர் வேகமாக வந்தது.

"பிரேக்!" என்று வாத்தியார் கத்தினார். நாக்கு குழறியதில் அது "பேக்கு!" என்று வந்தது. வலது கால் தன்னால் பாய்ந்து வாத்தியார் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தது.

தெரு காணாமல் போனது. காருக்குள் ஒரே வெளிச்சம். மூவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெறும் வெள்ளை விரிப்பைப் பார்த்தார்கள்.

"ஐயோ, அணைங்க! அணைங்க!" என்று டீச்சர் அலறினாள்.

"எதை அணைக்கிறது? நான் எதையும் தொடலையே!" என்றாள் கொசு.

வாத்தியார் பயந்து காலை எடுத்தார். மறுபடி இருட்டு. மெல்ல மெல்ல சிவப்புப் பட்டையும் மரமும் திரும்பி வந்தன. சைக்கிள்காரன் பத்திரமாக, ஒரு காலை ஊன்றி, காற்றில் யாரோ 'பேக்கு' என்று திட்டியது எங்கிருந்து என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கொசு சீட்டில் துள்ளினாள். "விளக்கு! டீச்சர், எரிஞ்சது விளக்கு!"

"மாமா, மறுபடி மிதிங்க!" என்று அவளே கத்தினாள்.

மிதித்தார். எரிந்தது. எடுத்தார். அணைந்தது. கொசு குனிந்து அவர் காலடியில் கால்மிதியைத் தூக்கி, விரலால் துழாவினாள். கதவுப் படியோரமாகக் கூரைக்குப் போகும் கம்பிகள். பிரேக்குக்காகத் தரையில் போட்ட இரும்புத் தண்டு அவற்றில் ஒன்றின் மேல் வருஷக்கணக்காக உரசியிருக்கிறது. மேல்தோல் தேய்ந்து, உள்ளே செம்பு அறுந்து, ஒரு முனை இன்னொன்றை மயிரிழையில் தொடாமல் நின்றது. மிதித்தால் தண்டு தள்ளி இரண்டும் சேரும்.

"கூரையை இறக்கணும்னாரே அந்த மனுஷன்!"

"நாம மட்டும் என்ன, கூரையைத்தானே பார்த்துட்டு இருந்தோம்" என்றாள் டீச்சர்.

இதற்குள் விரிப்பில் பேக்கரிக்காரர் நடந்துகொண்டிருந்தார். சாலையைக் கடந்து நேராக அவர்களை நோக்கி வந்தார். வர வர உருவம் பெரிதானது. ஒரு சாண் இருந்தவர் ஒரு முழம் ஆனார், வெள்ளை ஏப்ரன் விரிப்பு முழுக்கப் பரவியது, ஓரங்கள் கலங்கின. கடைசியில் அப்படியே இருட்டிவிட்டது. ஓட்டையில் கண்ணை வைத்துவிட்டார்.

"வாத்தியாரே?" தார்ப்பாய்க்கு வெளியே குரல் தயங்கியது. "அது நீங்கதானே? இந்தத் தெருவுல அப்படித் திட்ட வேற ஆளு கிடையாதே."

காருக்குள் யாரும் அசையவில்லை. டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தாள். கொசு கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

வாத்தியார் மடியிலிருந்த துண்டைத் தொட்டார். தொட்டுவிட்டு விட்டுவிட்டார்.

"நாந்தான்யா," என்றார். ஈரச் சாக்குக் குரல்தான். ஆனால் பெரிசாக இருந்தது. "கண்ணை எடு. தெருவை மறைக்கிற."

ஓட்டையில் மறுபடி வெளிச்சம் வந்தது. பிறகு பேக்கரிக்காரர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இந்தத் திட்டு கேட்டு ஒரு வருஷம் ஆச்சு வாத்தியாரே. என் கடை ஷட்டர்லயே நான் வண்டியைக் கொண்டுபோய் விட்டப்போ திட்டினீங்களே, அதுக்கப்புறம் இதுதான் நல்ல திட்டு."

"உள்ள வா. கதவைச் சீக்கிரம் சாத்து."

கொசு இறங்கி இடம் கொடுத்தாள். அவர் மாவு வாசனையோடு ஓட்டுநர் சீட்டில் ஏறி, சொன்னபடி கதவைச் சாத்தி, திரும்பிப் பார்த்தார். அவருடைய கடை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் அவர் மனைவி யாருக்கோ ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, முன்நெற்றி முடியை ஒதுக்கினாள்.

"அவ முடியை இப்படித்தான் ஒதுக்குவாளா?" என்று மட்டும் கேட்டார்.

தார்ப்பாய்க்கு வெளியே நின்ற கொசு, வெளிச்சம் உள்ளே போகாதபடி அதன் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் மாடிகளுக்குப் பின்னால் இறங்கியபோது விரிப்பில் நிறங்கள் வடிந்தன. முதலில் இலைகள் போயின, பிறகு சாலை. சிவப்பு மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. டீச்சருடைய பஸ்ஸும் போய்விட்டது. அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கொசு அறுந்த கம்பியை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, தண்டு உரசாதபடி தள்ளிக் கட்டினாள். இந்தத் தடவை யாரும் எதையும் மிதிக்காமலே விளக்கு எரிந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் நாலு பேர் முகமும் வேர்த்து, தூசியோடு, திருட்டு முழி முழித்தது.

"எப்படி இருந்துச்சு அப்பா?" என்றாள் டீச்சர்.

"எல்லாரும் தலைகீழாத்தான் ஓட்டுறாங்க," என்றார் வாத்தியார். "நான் சொல்லிக் கொடுத்த லட்சணம்."

பேக்கரிக்காரர் சிரித்த சிரிப்பில் கார் ஆடியது. வாத்தியார் சிரிக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் இப்போது வெறும் விரிப்புதான் இருந்தது. பிறகு, "இதை எடும்மா" என்று தார்ப்பாயைக் காட்டினார்.

கொசு முன்பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டே போனாள். முன்கண்ணாடி வழியே மாலைத் தெரு நேராக, முழு உயரத்தில் வந்து நின்றது. மருந்துக்கடைப் பையன் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பேக்கரிக்காரரின் மனைவி கடை வாசலிலிருந்து இந்தப் பக்கம் பார்த்து, சீட்டில் இருப்பது யார் என்று தெரிந்ததும், கையைத் தூக்கினாள். வாத்தியார் கோணிய வாயை மறைக்க மறந்து, பின் சீட்டைப் பார்த்த அதே கண்ணோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.